நாற்பது குட்டிப் பயனியர்கள்

அக்டோபர் 6, திங்கள்

நூல் கடைக்காரர் ஜனவரியில குடுத்த டைரி இது. இத்தனை மாசமா ஓவர்லாக் தையல் மெஷின் ஆடாம இருக்கறதுக்குக் காலுக்கு அடியில முட்டுக் குடுத்துட்டுக் கெடந்துச்சு. இன்னைக்குத்தான் எழுதற மாதிரி ஒரு சமாச்சாரம் வந்திருக்குது. என்ற தையல் யூனிட்டுக்கு மொத வெளிநாட்டு ஆர்டர்!

பெரிய பனியன் கம்பெனியில ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசரா வருஷக்கணக்குல குப்பை கொட்டிட்டு, வேண்டாம்டா சாமின்னு வெளிய வந்து, இந்த மாடியில நாலு மெஷினைப் போட்டு உக்காந்தேன். அன்னையிலிருந்து கூடப் பொறந்த குழந்தைவேல் அண்ணன் ஒரே பாட்டு. "ஏம்மிணி, உனக்கெதுக்கு இந்த வம்பு? பேசாம, பொட்டாட்ட என்ற ரைஸ் மில்லுல வந்து கணக்கு எழுது." ஆடி மாசம் ஒரு கோவத்துல நானும் வாயை விட்டுட்டேன். தைப் பொங்கலுக்குள்ள ஒரு வெளிநாட்டு ஆர்டரை ஒழுங்கா முடிக்கலைன்னா மெஷினையெல்லாம் வித்துப்போட்டு மில்லுக்கே வந்துடறேன்னு. அண்ணன் கெட்டியாப் புடிச்சுக்கிட்டார்.

சாயந்திரம் போன் பண்ணி, ஸ்லோவேனியாவுல இருந்து ஆர்டர்னு சொன்னேன்.

"எது, சோமாலியாவா? அங்கதான கப்பலைக் கடத்தறானுக?"

வெச்சுட்டேன் போனை.

அக்டோபர் 8, புதன்

வீடியோ கால் பேசியாச்சு. அந்தம்மா பேரு மொய்ட்சா. சின்ன ஊரு மியூசியத்துல வேலை. நம்ம கட்டிங் மாஸ்டர் சென்னியப்பண்ணன், அந்தப் பேரைக் கேட்டதும் "யாரு வீட்டுல மொய் வெச்சாங்களாமா?"ன்னார். இனிமே அவருக்கு அந்தம்மா மொய் அம்மிணிதான்.

அவங்க ஊர்ல புள்ளைங்களும் எளவட்டங்களும் சேர்ந்த சங்கங்கள், அதுக போட்ட யூனிஃபார்ம், இதெல்லாம் வெச்சு ஒரு கண்காட்சி. ஒவ்வொரு போட்டோவா திரையில காட்டுனாங்க. மொத போட்டோவுல செவப்புச் சட்டை, தொப்பியில ஒரு எறகு. வல்லூறு பேருல வெச்ச சங்கமாம், ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றவங்க. அதுக்குப் போட்டியா சர்ச்சுக்காரங்க கழுகு பேருல ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. "நம்மூர்ல மேலத் தெரு, கீழத் தெரு கபடி டீமாட்டம்"னார் மாஸ்டர். பொறவு ஒரு ராஜா வந்து, உங்க சங்கமெல்லாம் வேண்டாம், என்ற சங்கம் ஒண்ணு போதும்னுட்டாராம். அப்புறம் உலகச் சண்டை. சண்டைக்கு நடுவுல பயனியர்னு புள்ளைங்க சங்கம் வந்துச்சாம். வெள்ளைச் சட்டை, கழுத்துல செவப்புத் துணி, நீலத் தொப்பியில நட்சத்திரம். அப்ப அவங்க இருந்த பெரிய நாடே பிரிஞ்சப்போ அதுவும் போச்சு. காட்டுல கூடாரம் போட்டுத் தங்கற சங்கம் மட்டும் இன்னும் இருக்குது, அதுல வயசுக்கு ஒரு கலர் கழுத்துத் துணி.

நம்மூர்ல ஆட்சி மாறினா பஸ்ஸுக்குப் பெயிண்ட் மாறும். அங்க புள்ளைங்க கழுத்துத் துணி மாறியிருக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கு வந்திருக்கறது பயனியர் செட்டு. நாப்பது வெள்ளைச் சட்டை, நாப்பது செவப்புத் துணி. தொப்பி அங்கயே ஒருத்தர் தைக்கறாங்களாம். நவம்பர் 29 அன்னைக்குக் கண்காட்சி திறப்பு. அந்தக் காலத்துல புள்ளைங்க உறுதிமொழி எடுத்துப் பயனியர் ஆகற நாளு அதுதானாம். "எங்க குட்டிப் பயனியர்கள் நாற்பது பேரும் வரிசையா நிக்கப் போறாங்க"ன்னு சொல்றப்ப மொய்ட்சாவுக்குச் சிரிப்பு தாங்கலை. புள்ளைங்க மேல அத்தனை பிரியம் போல.

சைஸ் கேட்டேன். 50, 56, 62, மூணே சைஸ்னாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலை. ஐரோப்பாக் கொழந்தைத் துணி எத்தனை என்ற கை வழியாப் போயிருக்குது! கொழந்தையோட நீளத்தை சென்டிமீட்டர்ல சொல்ற கணக்கு அது. 50ன்னா பொறந்த கொழந்தை. 56 ஒரு மாசத்துக் கொழந்தை. 62 மூணு மாசம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அக்டோபர் 9, வியாழன்

மாஸ்டருக்கு எதுலயும் ஒரு சந்தேகம்.

"ஏனுங்கம்மிணி, பொறந்த கொழந்தை வரிசையில எப்படிங் நிக்கும்?"

"அம்மாக்காரி தூக்கிட்டு நிப்பா."

"உறுதிமொழி?"

"அண்ணா, நம்மூர்ல முழுசாக் கண்ணு தொறக்காத புள்ளையைத் தூக்கிட்டுப் போயி, தலைவர் கையால பேரு வெக்கணும்னு மேடையில மணிக்கணக்கா நிக்கறாங்களே, அதுக்கென்ன கொள்கையா தெரியும்?"

யோசிச்சுப் பாத்தார். "அதுவுஞ் செரிதானுங்"னுட்டு சாக்பீஸை எடுத்தார். இப்படி எடுத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்.

அக்டோபர் 11, சனி

ஈரோட்டுல இருந்து வெள்ளையும் செவப்புமா துணி வந்துடுச்சு. மொய்ட்சா சொன்ன மீட்டரைத்தான் வாங்குனேன், ஆனா அதுல பத்துல ஒரு பங்குகூட ஆகாது போலிருக்குது. பாவம், விவரமில்லாத பொம்பளை. மிச்சத்தை அப்படியே அலமாரியில ஏத்தி வெச்சாச்சு. தீபாவளி கழிஞ்சு நைட்டி தெச்சுக்கலாம்.

செவப்புத் துணியைக் குட்டி முக்கோணமா வெட்டி ஓரம் அடிச்சுக் கொடியில போட்டிருந்தோம். கீழ் வீட்டு யூனியன்காரர் மாடியேறி வந்துட்டார். "ஊர்வலம் எப்பங்க? எங்களுக்குத் தகவலே வரலியே?" ஸ்லோவேனியாவுலன்னு சொன்னேன். "அங்கயுமா!"ன்னு பூரிச்சுப் போயிட்டார். காப்பி குடுத்து அனுப்பி வெச்சேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

சாம்பிள் முடிஞ்சுது. காலரும் பட்டனும் கச்சிதமா, அத்தனூண்டு சட்டை. பாத்தாலே கொஞ்சணும் போல இருக்குது. மேசை மேல விரிச்சு, செவப்புத் துணியை முடிச்சுப் போட்டு வெச்சு, போட்டோ எடுத்தேன். மாஸ்டர் பக்கத்துல டேப்பைக் கொண்டாந்து வெக்கறார். "அளவு தெரியட்டுங்." போட்டோவோட அழகே கெட்டுப்போகும்ணா, எடுங்கன்னு எடுக்க வெச்சுட்டேன். சட்டையையே கூரியர்ல அனுப்பி ஓகே வாங்கிடலாமான்னும் ஒரு வார்த்தை கேட்டார். தீபாவளிக்கு டெய்லருங்க ஊருக்குக் கெளம்பறதுக்குள்ள முடிக்கணும், இதுக்கெல்லாம் நேரமேது?

மொய்ட்சா போட்டோவைப் பாத்துட்டு நிறைய இதயம் அனுப்பியிருக்காங்க. "லேப்போ!"ன்னு எழுதியிருந்துச்சு. அப்படின்னா அவங்க பாஷையில அழகுன்னு அர்த்தமாம்.

அக்டோபர் 17, வெள்ளி

நாப்பதும் முடிஞ்சுது! டெய்லர் பசந்தி, அவ புள்ளைக்கு ஒண்ணு வேணும்னு ஒரிசா தமிழ்ல கெஞ்சறா. ஆர்டர் பீஸுடி, தொடாதேன்னுட்டேன். தீபாவளி முடிஞ்சதும் பேக்கிங். என்னமோ நெனச்சானுக, ரேணுகாதேவின்னா.

அக்டோபர் 20, தீபாவளி

அண்ணன் வீட்டுல சாப்பாடு. ஒரு சட்டையைக் கொண்டுபோய்க் காட்டுனேன். "இதென்ன, பொம்மைக்கா?"ன்னார். அவருக்கு அரிசி மூட்டையைத் தவிர என்ன தெரியும்?

அக்டோபர் 29, புதன்

இன்னைக்கு மொய்ட்சாகிட்ட இருந்து ஒரு மெசேஜ்.

"ரேணுகா, ஒரு சின்ன மாற்றம். போயானுக்கு 56 போதாது. வயிறு பெருத்துவிட்டது. பீர் குடிப்பதைக் குறை என்றால் கேட்கமாட்டேன் என்கிறான். அவனுக்கு 62 கொடுத்துவிடு."

ஒரு மாசத்துக் கொழந்தைக்குப் பீரா! பெத்தவங்க என்ன பண்ணிட்டிருக்காங்க? அந்த ஊர்ல கேக்கறதுக்கு ஆளே இல்லையா? மாஸ்டர்கிட்டப் படிச்சுக் காட்டுனேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார். மறுபடி மாட்டுனார். அலமாரியில இருக்கற மிச்சத் துணியைப் பாத்தார். என்னையப் பாத்தார்.

குட்டிச் சட்டையில ஒண்ணை எடுத்து மாஸ்டர் நெஞ்சு மேல வெச்சுப் பாத்தேன்.

அதே நாள், ராத்திரி

பெரிய ஆம்பளைங்க கோட்டு சைஸும் ஐரோப்பாவுல 50, 56, 62ன்னு போகும். நெஞ்சளவுல பாதி. இது எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சதாலதான் வயித்தெரிச்சலா இருக்குது. நாப்பது குட்டிப் பயனியருங்களும் அம்பது வயசு தாண்டின ஆளுங்கன்னு மொய்ட்சாகிட்ட நைசா விசாரிச்சதுல தெரிஞ்சுது. ஒண்ணாங் கிளாஸ்ல ஒண்ணா உறுதிமொழி எடுத்தவங்க, மறுபடி ஒண்ணா நிக்கப் போறாங்க. என்ற அலமாரியில இருக்கறது தொட்டில்ல கெடக்கற புள்ளைக்கான சட்டை.

ஒரே நம்பரை ரெண்டு கணக்குக்கு வெச்சிருக்கானுகளே, இந்த ஐரோப்பாக்காரனுகளைச் சொல்லணும்.

அக்டோபர் 30, வியாழன்

காலையில டெய்லருங்க எல்லாரும் இருக்கறப்ப எனக்கும் மாஸ்டருக்கும் கொஞ்சம் பேச்சு முத்திப் போச்சு. "இத்தனை வருஷம் கத்திரி புடிச்சும் ஆளு சைஸு எது, கொழந்தை சைஸு எதுன்னு தெரியலையா?"ன்னு கேட்டேன். அது ஒரு பெரிய வார்த்தையா? அவரோட சொந்தக் கத்திரியைத் துணியில சுத்துனார். மஞ்சப்பையில போட்டார். "வர்றனுங்க"ன்னுட்டு எறங்கிப் போயிட்டார்.

போகட்டும். ஊர்ல வேற கட்டிங் மாஸ்டரே இல்லையா என்ன?

அக்டோபர் 31, வெள்ளி

இல்லை. எல்லா மாஸ்டரும் கிறிஸ்துமஸ் ஆர்டர்ல மூழ்கிக் கெடக்கறாங்க.

நவம்பர் 1, சனி

நானே ஒரு 62 வெட்டிப் பாத்தேன். பசந்தி போட்டுக் காட்டுனா. ஒரு கை தூக்குனா ரெண்டு தோளும் தூக்குது. அவ சிரிக்கலை. சிரிக்காம இருக்க அவ பட்ட பாடு இருக்குதே.

அண்ணன் போன் பண்ணி மில்லு ஆபீஸ்ல எனக்கு ஜன்னலோரமா மேசை போட்டு வெச்சிருக்கறதாச் சொன்னார். பேன் காத்து நல்லா வருமாம். கண்ணுல தூசின்னு சொல்லி முகத்தைக் கழுவுனேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு வேலையாப் போயிருந்தேன். போற வழியில மாஸ்டர் வீடு. சும்மா எட்டிப் பாத்தேன். கையில ஒரு சீப்பு பூவன் பழமும், அவருக்குப் புடிச்ச கடையில வாங்குன மிக்சரும் இருந்துச்சு, அதையும் அங்கயே வெச்சுட்டேன்.

அவர் சம்சாரம் சரசக்கா, "வாங்கம்மிணி, இந்தப் பக்கம் என்ன வேலையா வந்தீங்க?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சட்டுனு ஒரு வேலையும் ஞாபகம் வரலை. "பாத்திரக் கடைக்கு"ன்னேன். "ஞாயித்துக்கெழமை பூட்டியிருப்பானே"ன்னாங்க. இந்தக்காவுக்கு எல்லாத்துலயும் ஒரு ஆராய்ச்சி.

மாஸ்டர் கயித்துக் கட்டில்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தார். எறக்கவே இல்லை. நான் பொதுவா ஒரு சந்தேகம் கேட்டேன். "ஏணா, அம்பது தாண்டின ஆளு, நல்லா வயிறு இருக்குது, கழுத்து குட்டை. அவருக்கு ஸ்கூல் புள்ளை காலர் வெச்சா மூஞ்சி எடுப்பா இருக்கணும்னா எப்படி வெட்டறது?"

பேப்பர் கொஞ்சம் எறங்குச்சு. "முன்னாடி கழுத்தை அரை இஞ்சு எறக்கணுமுங்க."

"வயித்துக்கு?"

"சைடு ஓப்பன் குடுக்கோணும். உக்காந்தா பட்டன் தெறிக்கக் கூடாதில்லீங்." பேப்பர் மடங்கிப் போச்சு. "என்ற வயித்தையே அளந்து பாருங்க, ஏறக்குறைய அந்தளவுதான் வரும்."

சரசக்கா டேப் எடுத்துட்டு வந்து நெஞ்சையும் வயித்தையும் அளந்தாங்க. ரெண்டுமே 124 சென்டி, பாதி போட்டா 62 கணக்கா வந்துச்சு! "நல்லாத் தின்னு வளத்து வெச்சதுக்கு இப்பத்தான் ஒரு பிரயோசனம்"னாங்க. மூணு பேரும் சிரிச்சோம். அப்ப மாஸ்டர், "அன்னைக்கு அந்தப் போட்டோவுல டேப்பை மட்டும் வெச்சிருந்தம்னா..."ன்னு ஆரம்பிச்சார். காப்பி ஆறுது, குடிங்கண்ணான்னேன்.

கெளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்தார். "காலையில நேரத்துல வந்தர்றனுங்க. துணிதான் அலமாரியில தயாரா இருக்குதே."

நவம்பர் 4, செவ்வாய்

பாட்டர்ன் ரெடி. மொத 62ஐ மாஸ்டரே போட்டுக்கிட்டார். நான் புதுசாப் பெருசா வெட்டுன செவப்புத் துணியை முடிச்சுப் போட்டு விட்டேன். அந்த நேரம் பாத்தா கீழ் வீட்டு யூனியன்காரர் வரணும்? மாஸ்டரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார். "எத்தனை வருஷமாக் கூப்பிட்டேன், இப்பவாவது வந்தீங்களே!" மாஸ்டர் முழிச்ச முழி.

நவம்பர் 5, புதன்

மொய்ட்சா வீடியோவுல வந்தாங்க. சட்டையோட மாஸ்டரைக் காட்டுனேன். போயான்கறது யாருன்னு அப்பத்தான் விலாவாரியாச் சொன்னாங்க. கிளாஸ்ல எல்லாரும் உறுதிமொழி எடுத்த அன்னைக்கு போயானுக்கு மட்டும் அம்மை போட்டு வீட்டுல படுத்துட்டானாம். தொப்பியும் துணியும் பொறவு வீட்டுக்குக் குடுத்தனுப்பினாங்களாம், ஆனா அந்தக் கிளாஸ் போட்டோவுல அவன் இல்லை. ஒவ்வொரு தடவை கூடறப்பவும், "நான் பயனியரே ஆகலைடா, நீங்கதான்டா ஆனீங்க"ன்னு குடிச்சுட்டுப் பொலம்புவானாம். அதுக்காகத்தான் நாப்பது பேரும் மறுபடி நிக்கறாங்க. போட்டோவுக்கு நடுவுல போயான். இந்த வயசுல ஒருத்தன் ஏக்கத்துக்கு முப்பத்தொம்பது பேரு சட்டை மாட்டிக்கிட்டு நிக்கறாங்கன்னா, கேக்கறப்பவே எனக்கு மனசு நெகிழ்ந்து போச்சு.

இந்த நேரம் பாத்து மாஸ்டர், கேக்காமக் கொள்ளாம, "மொய் அம்மிணி, இதையும் பாருங்"னு தொட்டில் சட்டையைத் தூக்கிக் காட்டிட்டார். எனக்கு உசுரே போச்சு. மொய்ட்சா பாத்தாங்க. 50ஆன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல நாற்காலியோட பின்னால போயிட்டாங்க. கண்ணைத் தொடச்சுட்டு, இது யார் பண்ணுன வேலைன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க.

மாஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் என்ன பதில் சொன்னேன்கறதை இங்க எழுத வேண்டிய அவசியமில்லை. மொய்ட்சா என்னையப் பாத்து ஒரு தடவை கண்ணடிச்சாங்க. "என்னங்கம்மிணி சொன்னாங்க?"ன்னு மாஸ்டர் கேட்டார். உங்க காலரு நல்லாருக்குன்னாங்கன்னேன்.

பார்சல்ல குட்டிச் சட்டையில ஒண்ணு கட்டாயம் வெக்கணுமாம்.

நவம்பர் 15, சனி

வெட்டு, தையல், இஸ்திரி, வெட்டு, தையல். டைரியாவது ஒண்ணாவது.

நவம்பர் 18, செவ்வாய்

பார்சல் போயாச்சு. நாப்பது பெரிய சட்டை, நாப்பது செவப்புத் துணி, குட்டித் துணியோட ஒரு குட்டிச் சட்டை. பசந்தி புள்ளைக்கு ஒண்ணு குடுத்தேன். சரசக்காவோட அக்கா பேத்திக்கு ரெண்டு. மிச்சத்தைக் கேட்டு வளைகாப்பு வீடுகள்ல இருந்து ஆளு வருது.

நவம்பர் 26, புதன்

போன்ல பாத்தா, பார்சல் வியன்னாவுல நிக்குதுன்னு வருது. மூணு நாளா அதே ஊரு, அதே வரி. போனைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. மாஸ்டர் வந்து எட்டிப் பாக்கறார். "எந்திரிச்சுதுங்களா?" இல்லை.

நவம்பர் 27, வியாழன்

எந்திரிக்கலை. சனிக்கெழமை காலையில திறப்பு. வரலைன்னா போயான் மறுபடி போட்டோவுல இல்லை. நான் ஜன்னலோர மேசையில.

பழனி மலை ஏறறதா வேண்டிக்கிட்டேன். படிக்கட்டு வழியா, விஞ்ச் வண்டியில ஏறாம.

நவம்பர் 28, வெள்ளி

சேந்துடுச்சு! சாயந்திரம் அஞ்சு மணிக்கு மொய்ட்சா பார்சலை மடியில வெச்சுட்டு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. நான் போட்ட சத்தத்துல தெருவே மேல பாத்துச்சு.

நவம்பர் 29, சனி

போட்டோ வந்துடுச்சு.

பின்னால மியூசியம். எறகுத் தொப்பி போட்ட பொம்மை ஒரு பக்கம், கூடாரச் சங்கத்துப் பசங்க ஒரு பக்கம். நடுவுல நாப்பது பேரு. நரை, வழுக்கை, தொப்பை, மூக்குக் கண்ணாடி. எல்லார் கழுத்துலயும் நம்ம செவப்பு. ஒரு சட்டைகூட இழுக்கலை, ஒரு பட்டன்கூடத் தெறிக்கலை. நட்ட நடுவுல தாடியோட ஒரு பெரிய ஆளு, அதுதான் போயான். நீலத் தொப்பி. கண்ணு ரெண்டும் செவந்து போயிருக்குது.

அவர் கையில ஒரு கொழந்தை. பொறந்து ரெண்டு வாரம்தான் ஆகுது, அவர் பேத்தியாம். தொட்டில் சட்டை, காலரு, செவப்புத் துணி. அளவு எடுத்துத் தெச்ச மாதிரி இருந்துச்சு. அழுதுட்டே உறுதிமொழி எடுத்துச்சாம். மொய்ட்சா அனுப்புன மெசேஜ்ல, நாற்பத்தொண்ணாவது குட்டிப் பயனியர்னு போட்டிருந்துச்சு.

மாஸ்டர்கிட்டக் காட்டுனேன். கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தார். "பாத்தீங்களா, பொறந்த கொழந்தை வரிசையில நிக்காதுன்னு சொன்னனுங்க. நின்னுடுச்சு!"ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சோம். பசந்தியும் என்னான்னே தெரியாமச் சிரிச்சா.

நவம்பர் 30, ஞாயிறு

அண்ணன் போட்டோவைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தார். கடைசியில, "கணக்கெழுத வேற ஆளைப் பாத்துக்கறேன்"னார். எந்திரிச்சுப் போனவர் திரும்பி வந்து, மில்லு ஆளுங்களுக்கு யூனிஃபார்ம் தெச்சுத் தர முடியுமான்னு கேட்டார். "ஒண்ணே ஒண்ணும்மிணி. சைஸை மட்டும் ஆளைக் கூட்டிட்டு வந்து நேர்ல காட்டிடறேன்." லொள்ளு!

டிசம்பர் 1, திங்கள்

மொய்ட்சா கூடாரச் சங்கத்துச் சட்டைக்கு ஒரு சாம்பிள் கேட்டிருக்காங்க. மத்தியானம் முடிஞ்சுது. நான் மேசையில விரிச்சு, போட்டோ எடுக்கப் போனேன். மாஸ்டர் அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டிருந்தார். அவர் கழுத்துல கெடந்த டேப்பை நானே எடுத்து, சட்டைக்குப் பக்கத்துல நீளமா வெச்சேன். நம்பர் நல்லாத் தெரியற மாதிரி திருப்பி வெச்சேன்.

அவர் போயி ஜன்னலைத் தொறந்து வெளிச்சம் விட்டார்.